விருந்தினர் இன்று ஆற்றிய பணி

மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் எனக்கு வாய்த்த மேற்பார்வையாளரைப் பற்றிச் சென்ற கிழமை எழுதத் தொடங்கியிருந்தேன். அவர் சற்றுப் பொறுத்திருக்கட்டும். இக்கிழமை வேறொரு காட்சி என் மனத்தைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது.

பேர்ண் மாநிலத்துப் பீல் நகரில், தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே, பேருந்துத் தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூரையின் கீழ் அமர்ந்திருக்கிறேன். இலையுதிர்காலத்து முற்பகல், தூறல். மடியில் கரட்டும் லீக்ஸும் நிறைந்த பை. காதில் தொலைபேசி. அதற்குள்ளே, மட்டக்களப்புக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், யாரோ தேங்காய் துருவுகிறார்கள்.

துருவல் நின்றது. ஒரு பெண்குரல் நிதானமாகச் சொல்லிற்று.

"நான் கையெழுத்து வைக்க மாட்டன் ஐயா. ஊர் சிரிக்கும்."

என் முன்னே பேருந்து வந்து நின்று, கதவைத் திறந்து, நான் அசையாததைக் கண்டு மூடிக்கொண்டு போயிற்று.

அந்தக் கையெழுத்துக் கிடைக்காவிட்டால் என் தம்பி மகள் அபிரா ஓராண்டை இழப்பாள். ஆகவே பேருந்து எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

வறுமையை இரு மொழியில் விளக்கிய மாலை

அபிரா பீல் நகரில் பிறந்தவள். அவள் படிக்கும் மேனிலைப் பள்ளி, ஆண்டுதோறும் மாணவர் சிலரை வறிய நாடொன்றுக்கு இரு கிழமைக்கு அனுப்புகிறது. அங்கே அவர்கள் எளிய குடும்பமொன்றுடன் தங்கி, அக்குடும்பத்தின் வேலைகளைத் தாமும் செய்து, வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்து திரும்ப வேண்டும் என்பது திட்டம். அவ்வாண்டு தெரிவான நாடு இலங்கை. அதிலும் கிழக்குக் கரை.

பெற்றோருக்கான விளக்கக் கூட்டத்துக்குத் தம்பி என்னையும் அழைத்துச் சென்றான். பீல் இருமொழி நகரம். எனவே ஒவ்வொரு செய்தியும் முதலில் செருமானியத்திலும் பின்னர் பிரெஞ்சிலும் சொல்லப்பட்டது. எம் நாடு ஒரே மாலையில் இருமுறை வறுமையுற்றது. திரையில் ஒரு பெண் கிணற்றில் நீர் அள்ளும் படம் தோன்றியபோது தம்பி என் பக்கம் சாய்ந்தான்.

"அண்ணை, இந்தக் கிணறு எங்கட கிணத்தைவிடப் பெரிசு."

அபிராவின் கணித மதிப்பெண்ணை இங்கே எழுதுவது குடும்பத்துக்கு அழகன்று. அது அவளை அவ்வகுப்பிலேயே நிறுத்திவைக்கப் போதுமானதாயிருந்தது என்று மட்டும் கூறுவேன். இப்பயணத்துக்கு வழங்கப்படும் மதிப்பீடு ஒன்றே அவளைக் கரையேற்றக்கூடியது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. குடும்பத்தோடு நாற்பது மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். செய்ததை வீட்டுத் தலைவி எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

பொறுப்பாசிரியர் கெர்பர் அம்மையார் நேர்மையான மனிதர். தமிழ்ப்பிள்ளை ஒருத்தி குழுவில் இருப்பது அனைவருக்கும் பெருந்துணை என்று அவர் மகிழ்ந்தார். அபிரா குழந்தையாயிருந்தபோது ஒருமுறை யாழ்ப்பாணம் போனவள்; கிழக்கைப் படத்திலும் கண்டதில்லை. அதை அவள் வெளியில் சொல்லவில்லை.

கையால் உண்ணும் பயிற்சி

பயணத்துக்கு முன் பயிற்சிகள் நடந்தன. முதலாவது, கையால் உண்ணுதல். செய்து காட்டுமாறு அபிராவை முன்னே அழைத்தார்கள். பிறந்த நாள்முதல் சோற்றைக் கரண்டியால் உண்டு வளர்ந்த அப்பிள்ளை, பதினெட்டுப் பேர் பார்த்திருக்க, ஐந்து விரலையும் விரித்துப் பருப்பினுள் விட்டு அப்படியே நின்றாளாம். லூக்காஸ் என்ற சகமாணவன், ஏதோ காணொளியைப் பார்த்துப் பழகியவன், எழுந்து வந்து அழகாகப் பிசைந்து உண்டு காட்டினான். அதன்பின் அபிராவுக்கும் அவனே சொல்லிக் கொடுத்தான்.

இரண்டாவது பயிற்சி, கட்டாந்தரையில் உறங்குதல். இந்நாட்டில் பள்ளிகளின் அடியிலும் போர்க்காலத்துக்கென நிலக்கீழ்க் காப்பறைகள் உண்டு. சன்னல் கிடையாது, கதவு ஒரு முழம் தடிப்பு. அங்கேதான் மாணவர் ஓரிரவு தங்கினர்.

அபிராவைக் கொண்டுபோய் விட்ட தம்பி அக்கதவருகே நெடுநேரம் நின்றான். சீமெந்தும் ஈரமும் கலந்த அந்த மணம் அவனுக்குப் பழையது. அகதியாய் வந்திறங்கிய புதிதில் அவனை வைத்திருந்த இடமும் இத்தகைய காப்பறையே. கெர்பர் அம்மையாரிடம், தானும் இதே பயிற்சியை ஏழு திங்கள் பெற்றதாகச் சொன்னான்.

அம்மையாரின் முகம் மலர்ந்தது. ஏழு திங்களா, எந்தப் பள்ளி அதை ஒழுங்கு செய்தது என்று கேட்டார்.

தம்பி சற்று எண்ணிப் பார்த்து, "பேர்ண் மாநிலம்" என்றான்.

நான் பெயர்த்த படிவம்

இனி என் பிழைக்கு வருகிறேன்.

வேலை நேரத்தைக் குறிக்கும் படிவத்தைத் தமிழில் ஆக்கித் தருமாறு பள்ளி என்னை வேண்டிற்று. ஒரு பக்கப் படிவம். எனக்கு மூன்று நாள் பிடித்தது. 'விருந்தினர் இன்று ஆற்றிய பணி', 'கால அளவு', 'விருந்தோம்புநர் ஒப்பம்' என நிரல்களை அமைத்தேன். அடியில் 'பிற குறிப்புகள்' என்று நான்கு விரற்கடை இடம் விட்டேன். ஊர் மக்களுக்கு இது விளங்குமா என்று அம்மையார் ஐயத்தோடு கேட்டார். நல்ல தமிழ் எங்கும் விளங்கும் என்றேன்.

விளங்கத்தான் செய்தது. விருந்தினரிடம் வேலை வாங்கினேன் என்று தானே எழுதி, அதன்கீழ் ஒப்பமும் இடுமாறு ஒரு குடும்பப் பெண்ணிடம் தாளை நீட்டுகிறோம் என்பது எனக்குத்தான் விளங்கவில்லை. செருமானியத்தில் அதில் குற்றமேதும் தென்படவில்லை. தமிழிலும் மூன்று நாளாய் நான் சொற்களைப் பார்த்தேனேயன்றி, அத்தாளைக் கையில் வாங்கப்போகும் ஆளைப் பார்க்கவில்லை.

நாற்காலியில் எழுந்தருளியோர்

அபிராவுக்கு வாய்த்த வீட்டுத் தலைவி தங்கேஸ்வரி. ஐம்பது வயதுக் கைம்பெண். இரு அறை வீடு, ஒரு கிணறு, இரண்டு பசு. விடியுமுன் இடியப்பம் அவித்துச் சந்திக் கடைகளுக்குக் கொடுப்பவர். பள்ளியின் பட்டியலில் 'மிக எளிய குடும்பம்'.

பிள்ளை வருகிறாள் என்று அறிந்ததும் அவர் ஓர் அயலவரிடம் கட்டிலும், இன்னொருவரிடம் மின்விசிறியும், கோயில் தலைவர் வீட்டில் மெத்தை வைத்த நாற்காலியும் இரவல் வாங்கியிருந்தார். அபிரா அந்த நாற்காலியில் மாமர நிழலில் இருத்தப்பட்டாள். வேலிக்கு அப்பால் தங்கேஸ்வரியின் தங்கை வீடு. அங்கே லூக்காஸ், வேறொரு நாற்காலியில். இருவரும் திருவிழாவுக்கு எழுந்தருளுவித்த திருமேனிகள் போல ஒருவரையொருவர் பார்த்தபடி நாள் முழுதும் வீற்றிருந்தனர். ஊரார் வந்து கண்டு போயினர். மணிக்கொரு தரம் பலகாரம் படைக்கப்பட்டது.

இரண்டாம் நாள் அபிரா என்னை அழைத்தாள்.

"பெரியப்பா, இவ என்னை ஒண்டும் செய்ய விடுறா இல்லை. கோப்பையைக் கழுவப் போனன், பறிச்சுப்போட்டா."

மூன்றாம் நாள் விடியலில் எழுந்து முற்றம் கூட்டப் போனாள். தங்கேஸ்வரி அதற்கும் முந்தி எழுந்து கூட்டி முடித்திருந்தார். நான்காம் நாள் விளக்குமாற்றை ஒளித்து வைத்து எடுத்தாள். நான்கு வீச்சு வீசுமுன் அயல்வீட்டுப் பெண் ஓடிவந்து அதைப் பிடுங்கி, தூர தேசத்திலிருந்து வந்த பிள்ளையைக் கூட்ட விட்டிருக்கிறாயே, உனக்கு என்ன குறை என்று தங்கேஸ்வரியை வேலிக்கு அப்பாலும் கேட்க ஏசினார். அன்று மாலை தங்கேஸ்வரி உண்ணவில்லை என்று அபிரா சொன்னாள்.

ஐந்தாம் நாள் வரைக்குமான படிவத்தில் 'விருந்தினர் இன்று ஆற்றிய பணி' என்னும் நிரலின் கீழ் ஒவ்வொரு நாளும் ஒரே விடை எழுதப்பட்டிருந்தது. 'ஒன்றுமில்லை. நல்லாச் சாப்பிட்டா.'

அதற்கு மட்டும் அவர் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டிருந்தார்.

பொன்னம்மை

ஆறாம் நாள்தான் நான் பேருந்துத் தரிப்பிடத்தில் அமர்ந்திருந்த நாள்.

என்னால் இயன்ற அளவு விளக்கினேன். இது பள்ளியின் விதி. இதில் இழிவு ஏதுமில்லை. பூமரங்களுக்கு நீர் வார்த்ததாகவேனும் எழுதலாம் என்றேன்.

"தண்ணி ஊத்த எங்களுக்குக் கையில்லையா ஐயா?" என்றார் தங்கேஸ்வரி. அதன் பிறகுதான் கையெழுத்து வைக்க மாட்டேன், ஊர் சிரிக்கும் என்ற அந்தச் சொல் வந்தது.

பிறகு, துருவலைத் தொடர்ந்தபடி, பேச்சு முறிந்து போகாதிருக்க எம்மவர் கேட்கும் கேள்வியைக் கேட்டார். ஐயா எந்த ஊர்? யாழ்ப்பாணம் என்றேன். இந்தப் பக்கம் உறவு யாரும் இல்லையா? இல்லை என்றேன். உண்மையை முழுமையாகச் சொல்லும் வழக்கத்தால், என் தந்தையார் தபாலதிபராய் அப்பகுதியில் இரண்டாண்டு பணியாற்றினார் என்பதையும், என் தம்பி, அதாவது அபிராவின் தகப்பன், அங்கேதான் பிறந்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

எந்த ஊர் என்று கேட்டார். நினைவில்லை, வாவிக்கரை, நான் அப்போது சிறு பிள்ளை என்றேன். அம்மாவுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தது யார்?

"பொன்னம்மை என்று ஒருவர். பிள்ளை பெற்ற உடம்புக்குக் காயமும் அரைத்துக் கொடுத்தார்."

அவரைப் பற்றி எனக்கு நினைவிருப்பது இவ்வளவே. மிளகும் வேர்க்கொம்பும் உள்ளியும் அம்மியில் அரைபடும் காரமான மணம். அம்மா குளிக்க வைத்திருந்த வெந்நீரில் நான் காலை விட்டதற்கு அவர் என் காதைத் திருகியது. அம்மா அவரை அக்கா என்று அழைத்தது. எங்கள் வீட்டில் அப்பாவும் திருகாத காது அது.

தொலைபேசியில் தேங்காய் துருவும் ஒலி நின்றது.

"பொன்னம்மையா? மூக்குத்தி போட்ட ஆளா?"

ஆம், அம்மா அவரை அக்கா என்றே அழைப்பார் என்றேன். அக்காலத்தில் மூக்குத்தி அணியாத பெண்ணை அங்கே நான் கண்டதில்லை.

"அது எங்கட பெரியம்மா."

அவ்விடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது தெளிவு. பொன்னம்மை என்னும் பெயர் கிழக்கில் தெருவுக்கு நான்கு இருக்கும். இதைக்கொண்டு எதையும் நிறுவ இயலாது. நான் வாழ்நாளெல்லாம் பிறர் பிழையைத் திருத்தி வந்தவன். உணவகப் பலகைகளைத் திருத்தியிருக்கிறேன். அச்சாகி வந்துவிட்ட திருமண அழைப்பிதழ்களைத் திருத்தி மணவீட்டாருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இவ்விதழின் ஆசிரியரைக் கேட்டால் என் கடிதங்களைப் பற்றிச் சொல்வார்.

அன்று நான் திருத்தவில்லை. மூன்றாவது பேருந்தும் வந்து போயிற்று.

"அப்ப நீங்க எனக்கு அண்ணன்முறை" என்றார் தங்கேஸ்வரி. "இவ எனக்கு மருமகள்."

தொலைபேசியை அணைக்காமலே எங்கோ வைத்துவிட்டார். குரல் மாறிக் கேட்டது.

"எழும்பு புள்ள. என்ன கதிரையில குந்திட்டு இருக்காய்? இந்தா, இந்தத் தேங்காயைத் துருவு."

சற்றுக் கழித்துத் துருவும் ஒலி மீண்டும் எழுந்தது. இம்முறை தாளம் தப்பியிருந்தது.

ஒரு மருமகன்

கோயில் தலைவர் வீட்டு நாற்காலி அன்று மாலையே திரும்பிப் போயிற்று. அபிரா கிணற்றடி கழுவினாள், சாணம் அள்ளினாள், இடியப்பம் பிழிந்தாள். அயல்வீட்டுப் பெண்ணும் இப்போது வேலிக்கு மேலால், மூலையில் குப்பை கிடக்கிறது, அதையும் கூட்டு என்று அதட்டினாராம். மாமி வீட்டில் மருமகள் கூட்டுவதில் ஊருக்கு என்ன சிரிப்பு?

வேலிக்கு அப்பால் லூக்காஸ் இன்னும் நாற்காலியில் இருந்தான். அவனது படிவமும் 'ஒன்றுமில்லை'யால் நிரம்பிக்கொண்டிருந்தது. இரண்டு கிலோ எடையும் கூடிவிட்டது.

"பெரியப்பா, லூக்காசுக்கும் ஒரு பொன்னம்மை இருக்கோ?" என்று அபிரா கேட்டாள்.

இல்லை என்றேன். உறவுமுறை என்பது வேண்டியவர்க்கெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கும் பொருளன்று என்றும், ஒன்றே போதுமான அளவு என் உறக்கத்தைக் கெடுக்கிறது என்றும் கண்டிப்பாகச் சொன்னேன்.

தங்கேஸ்வரிக்கு என் உதவி தேவைப்படவில்லை. இவன் உனக்கு யார் என்று அபிராவைக் கேட்டிருக்கிறார். அண்ணா மாதிரி என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அண்ணன் என்றால் தமக்கும் தம் தங்கைக்கும் மருமகன்; அதற்குமேல் ஆராய என்ன இருக்கிறது? ஒரு மணி நேரத்துக்குள், பேர்ண் உயர்நிலத்து உழவர் குடும்பத்தில் தோன்றிய அந்தப் பொன்முடி இளைஞன் கோடரியோடு விறகுக் குவியலின் முன் நின்றான்.

அபிராவின் அழைப்புகள் குறைந்தன. ஒருநாள் மட்டும், "இவ சரியான கரைச்சல் பெரியப்பா, கிணத்தடியை மூண்டுதரம் கழுவ வைச்சவ" என்று முறையிட்டாள். தன் சொந்த அத்தையைப் பற்றிக் கூட அவள் இவ்வளவு உரிமையோடு முறையிட்டதை நான் கேட்டதில்லை.

இரண்டாம் மறுப்பு

இறுதி நாளன்று, நகரத்து விடுதியில் தங்கியிருந்த கெர்பர் அம்மையார் படிவங்களைப் பெற்றுக்கொள்ளச் சென்றார். அரைமணி நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது. அப்போது நான் வீட்டில் கரட்டைச் சீவிக்கொண்டிருந்தேன். ஆறாம் நாளிலிருந்து படிவம் வெறுமையாயிருக்கிறது. அந்த அம்மா ஒப்பமிட மறுக்கிறார் என்றார். தொலைபேசி தங்கேஸ்வரியிடம் கைமாறிற்று.

"என்ன அண்ணன் இது? வீட்டுப் புள்ள வீட்டு வேலை செஞ்சதுக்கு ஆராவது மணிக்கணக்கு எழுதிக் கையெழுத்து வைப்பாங்களா? நான் என்ன, கூலிக்கா வைச்சிருந்தன்?"

இதை அம்மையாருக்குப் பெயர்த்தேன். மாணவி வேலை செய்தாளா இல்லையா என்று அவர் கேட்டார். செய்தாள் என்றேன். அப்படியானால் ஏன் ஒப்பமிடவில்லை? செய்தபடியால்தான் என்றேன். முதற் கிழமை ஏன் வேலையே இல்லை? வேலை செய்தாள் என்று ஒப்பமிட்டால் இழிவு என்பதால், வேலையே செய்ய விடவில்லை. அம்மையார் எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். என் செருமானியத்தில் குறையில்லை. குறை வேறெங்கோ இருந்தது.

பிறகு அபிரா பேசினாள்.

"பெரியப்பா, நான் உண்மையாச் செய்தனான்."

தங்கேஸ்வரியைத் திரும்ப அழைத்து, அந்தத் தாள் இல்லாவிட்டால் பிள்ளை ஓராண்டை இழப்பாள் என்று சொன்னேன். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். விதி, படிவம், நிரல் என்றெல்லாம் விளக்கிய நான் இதை மட்டும் சொல்லாது விட்டிருந்தேன்.

மறுமுனையில் ஒரு பசு கத்திற்று. அவர் கேட்டார்.

"அந்தப் பேப்பரில எழுத இடம் இருக்கா?"

அடியில் 'பிற குறிப்புகள்' என்று நான்கு விரற்கடை உண்டு என்றேன்.

"அதில எழுதுறன். கையெழுத்து மட்டும் கேளாதீங்க."

ஆசிரியர் அறை

அவர்கள் திரும்பி வந்து சில நாள் கழித்து, பள்ளியின் ஆசிரியர் அறையில் நானும் கெர்பர் அம்மையாரும் மேசையின் இரு பக்கத்தில் அமர்ந்தோம். அறை கோப்பி மணத்தது. வெளியே நடைக்கூடத்தில் அபிரா காத்திருந்தாள். கதவின் அடிப்பகுதிக் கண்ணாடியினூடே அவளுடைய சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. அவை ஓரிடத்தில் நிற்கவில்லை.

நான்கு விரற்கடையில் தொடங்கிய எழுத்து, தாளின் மறுபுறத்தை நிரப்பி, ஓரத்தால் வளைந்து மேலே ஏறியிருந்தது. நான் வாசித்து வரிவரியாகப் பெயர்த்தேன்.

'இவவுக்குத் தேங்காய் துருவத் தெரியாது. ஒவ்வொரு நாளும் சிரட்டையில பாதி மிச்சம். முத்தம் கூட்டினா குப்பை பின்னால கிடக்கு, இவ முன்னால போறா. வாளியைக் கிணத்துக்குள்ள விட்டுட்டா, எடுக்க அரை நாள். இடியப்பம் பிழிஞ்சது மொத்தம் மொத்தமா வந்து, கடைக்குக் குடுக்க ஏலாம மூணு நாள் நாங்களே திண்டம். மாட்டோட வேற பாசையில கதைக்கிறா, அது மிரண்டு பால் குறைஞ்சிட்டு. தலைக்கு எண்ணெய் வைக்க விடுறா இல்ல. மருமகன் விறகைக் கொத்தி ஒரே அளவா அடுக்கி வைச்சிருக்கான், அழகு கெட்டுடும் எண்டு எரிக்க மனம் வரல்ல. தாய் தகப்பன் இந்தப் புள்ளைகளுக்கு என்னத்தைப் பழக்கினாங்க?'

விதி கேட்பது எழுத்தில் உறுதி, ஒப்பம் என்றில்லை என்று கூறி, அம்மையார் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எதிரே பென்சிலால் ஓர் எண்ணைக் குறித்து வந்தார். துருவல், நாளுக்கு ஒரு மணி. கூட்டல், அரை மணி. தானே விழுத்திய வாளியைத் தானே எடுத்தது வேலையாகுமா என்று சற்றுத் தயங்கினார். ஆகும் என்று முடிவு செய்தார். கூட்டிப் பார்த்தார். நாற்பத்து மூன்று.

ஆயினும் அவர் முகம் தெளியவில்லை. குடும்பத்தோடு ஏற்பட்ட உறவுக்கு ஒரு தனி மதிப்பெண் உண்டாம். இந்த அம்மா இவ்வளவு மனக்குறையோடு எழுதியிருக்கிறாரே என்றார். எம்மவர் வெளியாரைப் பற்றி ஒருபோதும் இவ்வாறு எழுதார் என்றேன். வெளியாளாயின் 'நல்ல பிள்ளை, நல்லாச் சாப்பிட்டா' என்பதோடு நிறுத்தியிருப்பார். முதற் கிழமைப் படிவத்தைப் பாருங்கள் என்று காட்டினேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பென்சிலை வைத்துவிட்டுப் பேனையை எடுத்து, அக்கட்டத்தினுள் 'மிக நன்று' என்று எழுதினார்.

ஓரத்தால் ஏறிய கடைசி வரிகள் எனக்கென எழுதப்பட்டவை. அவற்றை நான் வாய்க்குள் வாசித்தேன்.

'அண்ணன், பொன்னம்மை பெரியம்மாட்ட அண்டைக்குப் பின்னேரமே கேட்டனான். அவ எந்தத் தபால்மாஸ்டர்ர பொஞ்சாதிக்கும் காயம் அரைச்சுக் குடுக்கல்லயாம். அது கிடக்கட்டும். புள்ளைய அடுத்த லீவுக்கு அனுப்புங்க. இடியப்பம் இன்னும் சரிவரல்ல.'

ஓரத்தில் இன்னும் ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன என்று கெர்பர் அம்மையார் கேட்டார்.

நான் படிவத்தை மெல்ல அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"அது குடும்ப விடயம்" என்றேன்.